ஜங்ஷனில் எபிசன் போர்டு

"பிள்ள சபிதா, அடக்கம் எத்தன மணிக்காக்கும்?"

போனில் கேட்டவர் சர்ச் சபைச் செயலர். ஆப்பத்தைப் பிட்டபடியே, "ஆருக்க அடக்கம் அங்கிள்?" என்றாள் சபிதா.

"நம்ம கிட்டார் எபிசனுக்கதான். ஜங்ஷன்ல போர்டு வச்சிருக்கே. பாத்ததுல இருந்து எனக்கு நெஞ்சு கிடந்து அடிக்கி."

பிட்ட ஆப்பத்தைத் தட்டிலேயே போட்டாள். இன்று மாலை மார்த்தாண்டத்தில் எபிசனின் ஜாஸ் கச்சேரி. ஏற்பாடு முழுக்க அவளுடையது. நியூயார்க், பாரிஸ், டோக்கியோ என்று உலகமெல்லாம் கிட்டார் வாசித்துப் பேர் வாங்கிய மனிதர், பிறந்த ஊரில் வாசிக்கப்போவது இதுதான் முதல் தடவை. சற்று முன்புதான் போன் செய்து, "மைக்கெல்லாம் ரெடியா மக்கா?" என்று விசாரித்திருந்தார். அதற்குள் எப்படிச் சாவார்?

போனை வைப்பதற்குள் தோவாளைப் பூ வியாபாரி அழைத்தார். "ஸ்டேஜுக்குச் சொன்ன மஞ்சக் கேந்திப் பூவ நிறுத்திட்டு வெள்ளப் பூவா அனுப்பட்டா? கேட்டதும் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல, மக்கா."

அவளுக்கும் ஓடவில்லை. எப்படியோ ஸ்கூட்டியைக் கிளப்பி ஜங்ஷனுக்குப் போனவள், போர்டைப் பார்த்ததும் சிலையாகி நின்றுவிட்டாள்.

அவள் போடச் சொல்லிக் கொடுத்தது மஞ்சளும் சிவப்புமாய், கிட்டாரோடு சிரிக்கிற எபிசன். அங்கே நின்றதோ கறுப்பு வெள்ளையில், கண்மூடித் தலைகுனிந்த எபிசன். சுற்றிலும் வெள்ளை லில்லிப் பூக்கள். கீழே பெயர். அதற்கும் கீழே 'இன்று மாலை 5 மணி'. கச்சேரி என்ற சொல்லே இல்லை.

செத்துப்போனார் என்றும் அதில் ஒரு எழுத்து கிடையாதுதான். ஆனால் அப்படியொரு படத்தைப் பார்த்த பிறகு நம்மூரில் யார் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார்கள்? எதிர்க்கடைக்காரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போர்டு அடித்த சிவதாணுவைப் போனில் பிடித்தாள்.

"என்ன காரியம் செய்து வச்சிருக்கிய அண்ணாச்சி? உயிரோட இருக்க மனுசனக் கொன்னுட்டியளே."

"நான் என்ன செய்யட்டு? கடைசியா எது வந்துதோ அதத்தான் அடிச்சேன்."

"நான் அனுப்புனது கலர் படமாக்கும்."

"எனக்கு வந்தது இதாக்கும்."

செய்வதையும் செய்துவிட்டுச் சாதிக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட நேரமில்லை. எபிசன் தங்கியிருந்த அவருடைய அப்பா வீட்டுக்குப் பறந்தாள்.

முற்றத்தில் யாரோ அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுவிட்டிருந்தார்கள். மலர்வளையத்தோடு வந்திருந்த நாலைந்து பேர், செத்தவரே எதிரில் வந்து கட்டஞ்சாயா நீட்ட, வாங்குவதா ஓடுவதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், மன்னிச்சிடுங்க. இப்பமே போர்ட எறக்கச் சொல்லுகேன். நீங்க நல்லா இருக்கியன்னு ஒரு வீடியோ எடுத்து வாட்சப்ல போட்டுட்டா..."

"கொஞ்சம் பொறு மக்கா."

"டிக்கெட் எடுத்தவங்க எல்லாரும் கேக்காவ சார். ஒங்க பேரு என்னாவும்?"

எபிசன் சிரித்தார். "ஜாஸ்ல ஒரு நோட்டு தப்பா விழுந்துட்டுன்னா வாசிப்ப நிறுத்தக் கூடாது. அடுத்தது என்ன வருதுன்னு காது குடுத்துட்டு இருக்கணும்."

வாய்தான் சிரித்தது, கண் கேட்டிலேயே இருந்தது. அதிர்ச்சியில் மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சபிதா பயந்தாள். கூடவே இன்னொரு பயமும் வந்தது. இது ஆபேல் காதில் விழுந்தால்?

ஆபேல், எபிசனின் அண்ணன். அப்பா இறந்தபோது வெளிநாட்டில் கச்சேரி இருந்ததால் எபிசன் அடக்கத்துக்கு வரவில்லை. அன்றோடு பேச்சு முறிந்தது. இந்தக் கச்சேரிக்கு அழைக்க எபிசன் திரும்பத் திரும்ப அண்ணன் வீட்டுக்கு நடந்தார், கதவு திறக்கவில்லை. "அண்ணன் வராத கச்சேரிய நான் ஆருக்கு வாசிக்க?" என்று சபிதாவிடம் சொல்லிக் கண்கலங்கியிருந்தார். இனி எங்கே வரப்போகிறார் என்று நினைத்தபோதே வாசலில் ஆட்டோ நின்றது.

கையில் மலர்வளையத்தோடு இறங்கியது ஆபேலேதான். சட்டைப் பித்தான் மாறி மாட்டியிருந்தது. காலில் செருப்பில்லை. கேட்டைத் தாண்டும்போதே கதறிவிட்டார்.

"எலே எபிசா, ஒனக்க மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்ன பாவியாக்கும்லே நான். கதவத் தட்டிட்டு நின்னியே. உள்ளதான்லே இருந்தேன்..."

எபிசன் படியிறங்கி வந்தார். "அண்ணே."

மலர்வளையம் ஆபேலின் கையிலிருந்து நழுவி விழுந்தது. முகம் வெளுத்து நின்றவர், மெல்லத் தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். பளாரென்று ஓர் அறை விட்டார். பிறகு அவரைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார். சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சபிதா ஆபேலின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், எல்லாம் அந்த போர்டுக்காரருக்க தப்பாக்கும். அவர நான் சும்மா விடமாட்டேன். போலீசுக்குப் போவேன்."

"சிவதாணுவ ஏசாண்டாம் மக்கா," என்றார் எபிசன், அண்ணனின் பிடியிலிருந்து விலகாமலே. "படத்த மாத்தி அனுப்புனது நானாக்கும். கச்சேரிக்கு எத்தன மட்டம் அழச்சாலும் அண்ணன் வரமாட்டான். துக்க வீட்டுக்குன்னா நம்ம ஊர்ல ஆரையும் அழைக்காண்டாம்லா."