குலுங்காத வண்டி

நாலு நாள் தங்க வந்த மச்சான் ஏழு மாதமாகத் தச்சர் வீட்டு நடு அறையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கேட்டால், மழையில் அரித்துப் போன மலைப்பாதையில் தன் ஊருக்கு எந்த வண்டியும் ஏறாது என்பார். அவரை அனுப்பி வைப்பதற்கென்றே தச்சர் தன் பழைய ஜீப்பை ஒரு மெக்கானிக்கிடம் விட்டு நாலு அங்குலம் உயர்த்தினார்.

"இப்ப ஏறும் மச்சான். கெளம்புங்க."

மச்சான் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு இறங்கினார். "தூக்கித் தூக்கிப் போடுது மாப்பிள்ளை. இந்தக் குலுக்கலை உடம்பு தாங்காது."

டயரில் காற்றைக் குறைத்தும் பார்த்தாயிற்று, ஷாக் அப்சார்பரை மாற்றியும் பார்த்தாயிற்று. தச்சர் மெக்கானிக் பட்டறையை விட்டு நகரவில்லை.

"உண்மையைச் சொல்லுடா. என்ன பண்ணித் தொலைச்ச?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே ஸ்பிரிங் போல்ட்டை இறுக்கிட்டேண்ணே. உள்ள ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்குது, அதான் குலுக்குது. வண்டியைத் தரையில நிறுத்திட்டு இறுக்கியிருக்கணும்."

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு."

தளர்த்தி, தரையில் நிறுத்தி இறுக்கியதும் ஜீப் தொட்டிலாகப் போனது. தச்சர் மச்சானை ஏற்றிக் கல்லும் குழியுமான தெருக்களைச் சுற்றி வந்து, வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"இப்ப என்ன குறை சொல்லப் போறீங்க?"

"ஒரு குறையும் இல்ல மாப்பிள்ளை. எங்கம்மா இடுப்பு இதைத் தாங்கும். காலையில போயி அம்மாவையும் என் வீட்டுக்காரியையும் ஏத்திக்கிட்டு வந்துடலாம். அவங்களை எப்படி இங்க கொண்டாந்து சேக்குறதுன்னுதான் இத்தனை நாளா மண்டை காஞ்சுச்சு."

வீட்டுக்குள் தச்சரின் மனைவி இன்னும் இரண்டு கட்டில்களை நடு அறைக்கு இழுக்கும் சத்தம் கேட்டது.