டின் ஓடிய பந்தயம்

ஒரு கல்லூரி ஓட்டக்காரன் பந்தயத்துக்குச் சற்று முன் எனர்ஜி டிரிங்கை மடமடவென்று குடித்துவிட்டு, காலி டின்னைக் காலடியில் போட்டான். ஜெயித்தால்தான் மாநிலப் போட்டி. அதற்காகவே வருஷம் முழுக்கத் தேய்ந்திருந்தது அவன் காலிலிருந்த ஷூ.

"இன்னிக்கு நீ சும்மா கூட வந்தாப் போதும். ஓடப்போறது நான்," என்றது டின்.

"தினம் விடியக்காலையில நான் மண்ணைத் தின்னப்போ, துரை எந்தக் கடை ஃபிரிட்ஜுல தூங்கிட்டிருந்தீங்க?" என்றது ஷூ.

கோட்டில் குனிந்ததும், குடித்தது தலைக்கேறி அவன் கால் வெடவெடத்தது. ஷூ தரையை இறுகப் பற்றியும் பலனில்லை. துப்பாக்கி வெடிக்கும் முன்பே பாய்ந்துவிட்டான். நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பினார்.

அவன் கழற்றி எறிந்த ஷூ டின்னருகே வந்து விழுந்தது.

"பார்த்தியா என் வேகத்தை? துப்பாக்கியே நமக்குப் பின்னாலதான் வெடிச்சுது," என்றது டின்.