முதல் கல்

"சார், இங்க பாருங்க! இது கார்னெட்டா?"

கவியா கையை நீட்டிக்கொண்டே ஓடி வந்தாள். கடற்கரை மணலில் ரத்தினக்கல் தேடும் குழுவில் அவளுக்கு இதுதான் முதல் ஞாயிறு. உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு கல்.

குழுவைத் தொடங்கிய வரதன் அதை வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார். கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்த வேகத்திலேயே எடுத்தார்.

"கார்னெட்டேதான். வாழ்த்துகள்மா."

"நீங்க சொன்ன கோட்டைச் சுவத்துக்கிட்ட ஒண்ணுமே இல்ல சார். இது அங்க, முகத்துவாரத்துல கிடந்தது."

"அவ்ளோ தூரமா?" வரதன் ஒரு கணம் யோசித்தார். "அலை உருட்டியிருக்கும்."

கடப்பாக்கம் கடற்கரையில் குனிந்து தேடிக்கொண்டிருந்த மற்றவர்கள் நிமிர்ந்து வந்து கூடினார்கள். பூபாலன் கல்லை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"எனக்கும் இப்டித்தான், மொத நாளே கெடைச்சுது. அதோட சரி. அப்பலேந்து வெறும் கூழாங்கல்லு. அதையெல்லாம் என் பொண்டாட்டி எடுத்து பாத்ரூம் தரைல பதிச்சுட்டா."

எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்க முதல் கல்லு எது சார்?" என்று கேட்டாள் கவியா.

பூபாலன் முந்திக்கொண்டான். "சாருக்கு இன்னும் ஒண்ணுமே கெடைக்கலம்மா. நமக்கெல்லாம் கோச்சு. ஆனா அவரு மட்டும் இன்னும் முட்டைதான்."

மறுபடியும் சிரிப்பு. வரதனும் சிரித்தார். குழு தொடங்குவதற்கு முன்பிருந்தே ஞாயிறு தவறாமல் அணுபுரத்திலிருந்து வந்து இந்த மணலைக் கிளறுகிறவர். தன் கையால் ஒரே ஒரு நல்ல கல்லை எடுத்துவிட்டால் லென்ஸைக் கழற்றி வைத்துவிடுவதாக மனைவி மேரியிடம் சொல்லியிருந்தார். கிடைத்ததா என்று மேரி கேட்பதை நிறுத்தியே பல காலம் ஆகிறது.

"சரிம்மா, கடலுக்குக் குடுத்துடுங்க."

"என்னது?"

"அது நம்ம வழக்கம்" என்றான் பூபாலன். "மொத கல்லு கடலுக்கு. ரெண்டாவதுலேந்து நமக்கு. சார் போட்ட ரூலு."

கவியா விரல்களை மடக்கிக்கொண்டாள். "செங்கல்பட்டுல எங்க மாமா நகைக்கடை வச்சிருக்காரு சார். ஒரே ஒரு தடவ அவருகிட்ட காட்டிட்டு அடுத்த வாரம் கொண்டாந்து போட்டுடறேன்."

"வேணாம்!" வரதனின் குரல் சட்டென்று உயர்ந்தது. உடனே தணித்துக்கொண்டார். "நகைக்கடைக்குப் போற கல்லு திரும்பி வராதும்மா."

"அப்போ நீங்களே வச்சிக்கங்க சார். இவ்ளோ வருஷமா தேடறீங்க." மனதாரத்தான் நீட்டினாள்.

வரதன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குன்னு ஒண்ணு இருந்தா அது என் கண்ணுலயே படும்."

கவியா அலையின் விளிம்புக்குப் போனாள். கையை ஓங்கினாள். அப்படியே நின்றாள்.

"மனசு வரல சார்."

வரதன் அவள் கையிலிருந்து கல்லை வாங்கிப் பலம்கொண்ட மட்டும் வீசினார். மூன்று அலைகளைத் தாண்டிப் போய் விழுந்தது. குழு கைதட்டியது.

வெயில் ஏறியதும் எல்லோரும் கிளம்பினார்கள். அடுத்த ஞாயிறு தங்கையையும் கூட்டி வருவதாகக் கவியா சொல்லிவிட்டுப் போனாள். வரதனுக்குத் திருப்தி.

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, அந்த ஊரில் மீன் பிடிக்கும் மாயவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். கண்ணில் இன்னும் தூக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கோச்சிக்காத அண்ணாத்த. வலை இழுத்துட்டு வந்து படுத்தவன், இப்பத்தான் முழிச்சேன். பாவம், இன்னிக்குப் புதுசா வந்த பொண்ணு வெறுங்கையோட போயிருக்கும்."

கோட்டைச் சுவரோரம் மணலில் தூவி வைக்கச் சொல்லி வரதன் கொடுத்திருந்த கல் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டினான். மாமல்லபுரத்துக் கல் கடைக்காரர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.