பிளம்பரின் சிபாரிசு

நாளை சிறையிலிருந்து வெளிவரும் ஒருவனைத் தன் அறையில் தங்கவைக்கக் குடியிருப்பின் பிளம்பர் அனுமதி கேட்டதும் சங்கக் கூட்டம் கொதித்தது.

“பொம்பளைப் பிள்ளைங்க இருக்கற இடம். களவாணியைக் கொண்டுவந்து நடுவீட்டுல உட்கார வைப்பியா?” தலைவியின் குரல்தான் எல்லோரையும்விட ஓங்கி ஒலித்தது.

“திருந்திட்டான் மேடம். போக்கிடம் இல்லேன்னா மறுபடி பழைய கூட்டத்தோடதான் சேருவான்.”

“திருந்திட்டான்னு உனக்கெப்படித் தெரியும்?”

“ஆறு வருஷம் ஒரே அறையில இருந்தோம்.”

“எந்த ஹாஸ்டல்ல?”

பிளம்பர் தலை குனிந்தார். “ஹாஸ்டல் இல்ல மேடம். ஜெயில்ல.”

அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆத்திர அவசரத்துக்கென்று பதினான்கு வீட்டார் நம்பிக் கொடுத்திருந்த மாற்றுச் சாவிகள்.

“நாலு வருஷமா எங்கிட்ட இருந்துச்சு. எடுத்துக்குங்க. காலையில நானும் கிளம்பிடறேன்.”

தலைவி அந்தக் கொத்தைப் பார்த்தாள். போன மாதம் அவள் அலுவலகத்தில் இருந்தபோது, அதிலொரு சாவியால்தான் அவர் கதவைத் திறந்து, குளியலறையில் விழுந்துகிடந்த அவள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

யாரும் மேசைப் பக்கம் கை நீட்டவில்லை. அவள்தான் எழுந்துவந்து கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு விடறாங்க? நீங்களும் வாங்க, என் கார்லயே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்.”