கஸ் காஃபினை விட்ட வாரம்

"ப்ளாஸ்கை வெளியிலேயே வச்சுட்டு வாங்கண்ணே. உள்ள ஒருத்தன் காஃபினை விட்டுக்கிட்டிருக்கான்," என்றான் ட்ராவிஸ்.

டெல்மர் சிரித்தபடி காபி ப்ளாஸ்கை வாசலில் வைத்தார். டுலூத் நகரச் சாலைகளில் பனி தள்ளும் லாரிகளை ஓட்டுபவர்கள் இருவரும். மருத்துவமனை அறைக்குள் கஸ் கண்மூடிக் கிடந்தான். பக்கத்தில் ட்ராவிஸின் மனைவி ஜோலீன். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் 'நாள் 6' என்று எழுதியிருந்தது.

"நாலு மணி தாண்டிட்டா ஏழு. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றான் ட்ராவிஸ். "அதுக்குள்ள நெஞ்சு தடுமாறி, அவங்க ஒரு தடவை கை வைக்க வேண்டி வந்தாலும் அழிச்சுட்டு மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணுவாங்க."

"போன வாரம் நாலாம் நாள் கவுந்துட்டானாமே?"

"ஆமா. அன்னிக்கு இவ அழுத அழுகை இருக்கே... தினம் ஒரு வேளை தவறாம உடம்புல ஏறுனது. சட்டுனு நிறுத்தினா சும்மா இருக்குமா?"

"இருக்காது," என்றார் டெல்மர். "நானும் ஒரு தடவை காபியை விட்டேன். மத்தியானத்துக்குள்ள லாரியால மூணு வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்ச்சுட்டேன். பொண்டாட்டி பேரே மறந்துபோச்சு. இவன் தலைவலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா?"

"மூச்," என்றாள் ஜோலீன். அவளுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றே முக்காலுக்கு மானிட்டர் கத்தியது. இதயத் துடிப்பைக் காட்டும் பச்சை எண் மளமளவென்று சரிந்தது. ஜோலீன் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க," என்று ஓடிவந்த நர்ஸ் மார்லா தடுத்தாள். "தானா மீண்டா கணக்கு கெடாது. தட்டி எழுப்பினா மறுபடி ஒண்ணு."

நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கஸ்ஸின் நெஞ்சு ஒருமுறை விம்மியது. எண் நின்றது. பிறகு, ஒவ்வொன்றாக மேலே ஏறியது. யாருடைய உதவியும் இல்லாமல் தானே கரையேறிவிட்டான்.

நாலு மணிக்கு மார்லா ஆறை அழித்து ஏழு என்று எழுதினாள்.

டெல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "நாப்பது வருஷமா என்னால முடியல. இவனால எப்படிம்மா முடிஞ்சது?"

மார்லா வயர்களைக் கழற்றிவிட்டு, கஸ்ஸை ஒற்றைக் கையால் அள்ளி ஜோலீனின் மார்பில் சாய்த்தாள்.

"தெரியலண்ணே," என்றாள் ஜோலீன், அந்தச் சின்னத் தலையை வருடியபடி. "மூச்சுவிட மறந்துடாம இருக்க மருந்தாக் காஃபின் குடுத்தாங்க, இப்ப அதையும் விட்டுட்டான். இவன் பொறக்க வேண்டிய தேதியே நாளைக்குத்தான்."