பதினைந்தாவது வழக்கு

"இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்க ஆத்தா. வெறும் வயித்தோட கூண்டுல ஏறாத."

கோர்ட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில், இலையைக் கையில் ஏந்திக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் ஏட்டு மிக்கேல்ராஜ். பார்த்தவர்கள் அக்காவும் தம்பியும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அக்கா சாராய வழக்கில் பிடிபட்டவள். தம்பி அவளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்.

கருப்பம்மாள் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தை. ஆமான்னு சொல்லிரு" என்று கெஞ்சினார் ஏட்டையா. "சாராய ஊறல் பானையைக் கேஸ்ல எழுதாம விடச் சொல்லி, இன்ஸ்பெக்டர் கால்ல விழாத கொறையாக் கேட்டுட்டு வந்திருக்கேன். ஒத்தப் பாட்டிலோட போயிரும். பதினஞ்சு நாளு ஜெயிலு, அம்புட்டுத்தான்."

"மாட்டேன் ஏட்டையா."

"இல்லேன்னு சொன்னா பானையும் வரும், பழைய கேஸ் பூராவும் வரும். ஆறு மாசத்துக்குக் கொறையாது. புரியுதா?"

"பதினஞ்சு நாளைக்கு மட்டும் அவருக்கு யாரு கஞ்சி ஊத்துவா? பொரண்டு படுக்கவே நான் வேணும் அந்த மனுசனுக்கு."

தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் கிடக்கும் புருஷன். ஏட்டையாவுக்கு அது தெரியாததல்ல. அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கு விசாரணைக்குப் போனால் அவரும் கூண்டில் ஏற வேண்டும், வக்கீல் குறுக்கே கேட்பார், பழசையெல்லாம் கிளறுவார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

மதுவிலக்கு வந்த இத்தனை வருஷத்தில் கருப்பம்மாளைப் போலத் தொந்தரவு தராத ஆளை அவர் பார்த்ததில்லை. பதினான்கு வழக்குகள், பெரும்பாலும் மாசக் கடைசியில், ஸ்டேஷன் கணக்கு முடிக்கும்போது. ஆளிடம் சொல்லி அனுப்பினால் போதும், அவளே பஸ் ஏறி வந்து நிற்பாள். கூண்டில் நின்று கொட்டாவி விட்டபடி "ஆமாங்க எசமான்" என்பாள். மத்தியானத்துக்குள் அபராதம் கட்டி முடித்து ஊருக்குத் திரும்பிவிடுவாள்.

இந்த முறைதான் எல்லாம் கோணலாகிவிட்டது. இன்ஸ்பெக்டரே ஜீப்பில் போய் இறங்கினார். அவரைக் கண்டதும் கருப்பம்மாள் சோளக்காட்டுக்குள் விழுந்தடித்து ஓடினாள். பின்னால் ஓடிய ஏட்டையாவின் குதிகாலில் ஏறிய கருவேல முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஐம்பத்து நான்கு வயதில் ஓடுகிற ஓட்டமா அது!

"வேற வேலை வெட்டி பாத்திருக்கலாம்ல ஆத்தா?"

"எவ கூப்புடுறா? சாராயக் கருப்பாயின்னு பேரு வச்சாச்சு. களையெடுக்க, பூப்பறிக்கன்னு போயி நின்னா வாசலோட அனுப்பிர்றாக."

ஏட்டையா குதிகாலைத் தடவிக்கொண்டார். இட்லி ஆறிப்போயிருந்தது. இலையோடு சுருட்டி ஓரமாக வைத்தார்.

கோர்ட் வாசலில் நின்ற டவாலி அவள் பெயரை மூன்று முறை கூவினான்.

உள்ளே மாஜிஸ்திரேட் தலை நிமிரவில்லை. காலையிலிருந்து இருபத்திரண்டு பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். விளக்கில்லாத சைக்கிள், சீட்டாட்டம், சாராயம், மறுபடியும் சாராயம். எழுதி எழுதி அவர் விரலெல்லாம் மசி. இருபத்து மூன்றாவதையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று இருந்தார்.

"கருப்பம்மா, சாராயம் வச்சிருந்தது வாஸ்தவமா?" கேட்டுக்கொண்டே எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

"இல்லீங்க எசமான்."

பேனா நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவள் முகத்தை அவர் பார்த்தார். இந்த முறை கொட்டாவி இல்லை; கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா... ஆமான்னு சொல்லு ஆத்தா" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார் ஏட்டையா.

"ஏட்டு, நீர் செத்த சும்மா இரும்."

மாஜிஸ்திரேட் பழைய வழக்குக் கட்டை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்துத்தான். புரட்டி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கோபம் இல்லை. ஒப்புக்கொண்டவர்களையே பார்த்துப் பார்த்துச் சலித்த மனிதர், இல்லை என்று சொல்ல ஒருத்தியாவது வந்தாளே என்று ஆறுதல்பட்டது போலத்தான் இருந்தது.

"இதே கூண்டுல நின்னு, பதினாலு தடவை கேட்ட உடனே ஆமான்னு சொன்னவ நீ. இன்னிக்கு இல்லேங்கிற. பொய்க் கேஸா இருந்தா யாருக்கும் பயப்பட வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லு, நான் பாத்துக்கிறேன்."

பொய்க் கேஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் கருப்பம்மாள் ஏட்டையாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அந்தப் பதினாலு தடவையுந்தான் நான் விக்கலீங்க எசமான்."