ஒரு காலில் நீலம், ஒரு காலில் சிவப்பு

கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தாள் இந்திராணி. இடது காலில் நீல ஷூ, வலது காலில் சிவப்பு. அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, கோடியிலிருந்த கண்ணாடி வரை போய்த் திரும்பி வந்தாள். செருப்பு வாங்க வந்தவர்கள் பயந்து வழிவிட்டார்கள்.

"அக்கா, எதையும் இடிச்சுத் தள்ளிராத. கடையையே நம்ம தலையில கட்டிருவாங்க" என்றான், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த தம்பி வைரவன்.

"நீ வாயை மூடுடா." அவளுக்கு மூச்சு இரைத்தது. "அண்ணே, சிவப்பு விரலை நெரிக்குது. நீலத்துக்கு ஜோடி எடுங்க, சீக்கிரம்."

கடைக்காரர் எடுத்து நீட்டினார். "ஓடினா கால் கொஞ்சம் வீங்கும்மா. ஒரு சைஸ் பெருசாவே போடுங்க. எடுத்ததும் ஓடாதீங்க, மெதுவா நடங்க. ஆறு மாசத்துல உடம்பு எடை தானா இறங்கும்."

"அவ்வளவு நாள் இல்லண்ணே. அடுத்த மாசத்துக்குள்ள இறங்கியாகணும்."

"ஏம்மா, வீட்ல கல்யாணமா?"

இந்திராணி குனிந்து லேஸை இறுக்கினாள். மஞ்சள் பூத்த கண்களால் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்த வைரவன்தான் பதில் சொன்னான்.

"அக்கா கல்லீரல்ல கொழுப்பு இருக்காம். அது கரைஞ்சாத்தான் பாதியை வெட்டி எனக்கு வைப்பாங்களாம்."